வருடிய தொழில்நுட்ப வரைபடங்களும் படிமத் திருத்த மென்பொருள்களும்

வருடிய தொழில்நுட்ப வரைபடம் என்பது, அளவுமுறைப்படி தாளிலோ துணியிலோ வரையப்பட்ட படமொன்றை ஸ்கேனர் என வழங்கும் வருடியின் மூலம் கணினிக்குள் கொண்டுவரும்போது கிடைக்கும் எண்ணிமப் படிமம் ஆகும். நிலங்களின் புலப்படம், கிராம வரைபடம், கட்டட வரைபடம், கால்வாயின் நெடுக்குவெட்டுப் படம், எந்திர உறுப்புகளின் படம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிலுள்ள கறைகளை நீக்கவும், சாய்வைச் சரிசெய்யவும், மங்கிய கோடுகளைத் தெளிவாக்கவும் கிம்ப், ஃபோட்டோஷாப் முதலான படிமத் திருத்த மென்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன.

இம்மென்பொருள்கள் முதன்மையாக ஒளிப்படங்களுக்காக உருவாக்கப்பட்டவை. ஒளிப்படம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் போதும். வரைபடத்திலோ இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவும், அவற்றின் அருகே எழுதப்பட்ட எண்ணும் மாறாதிருத்தல் வேண்டும். பயனர்கள் "மென்பொருள் பழுது" எனக் கருதும் சிக்கல்களிற் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டிலிருந்து பிறப்பவையே. இக்கட்டுரை அச்சிக்கல்களையும் அவற்றின் காரணங்களையும், தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டத்திலுள்ள அதிராம்பட்டினம் பகுதிக்குரிய நில, பாசன வரைபட வகைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வரைபடங்கள்

அதிராம்பட்டினம் பாக்கு நீரிணையின் கரையில் அமைந்த ஊர் ஆகும். கடற்புறத்தில் உப்பளங்களும் சேற்று நிலமும், உட்புறத்தில் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் உள்ளன. பட்டுக்கோட்டை வட்டாரம் காவிரிப் படுகையின் பழைய பாசனப் பகுதியன்று. 1934 இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட கல்லணைக் கால்வாயின் மூலமே இவ்வட்டாரத்துக்குக் காவிரி நீர் வந்தது. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாயும் அதன் கிளைகளும் மிகத் தட்டையான நிலத்தில் செல்கின்றன. ஆதலால் இங்கு மட்ட அளவில் சில அங்குல வேறுபாடும் கடைமடைக்கு நீர் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிக்கக் கூடியது.

நிலத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியே ஒரு புலப்படம் உண்டு. மக்கள் வழக்கில் இது எஃப்.எம்.பி. எனப்படுகின்றது. புலத்தின் குறுக்கே ஓர் அடிக்கோடு இழுத்து, அக்கோட்டிலிருந்து எல்லையின் ஒவ்வொரு முனைக்கும் செங்குத்தாகத் தொலைவை அளந்து, அவ்வளவுகளை எண்களாகப் படத்திலேயே எழுதுவது இதன் முறை. ஆகவே புலப்படத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று கோடு, மற்றொன்று எண். இவை முரண்படும்போது எண்ணே முதன்மையானது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருளில் புலப்படங்கள் கணினிமயமாக்கப்பட்டபோது, பழைய படத்தை வருடி அதன் மேல் கோடிழுக்காமல், எழுதப்பட்ட அளவுகளை உள்ளிட்டுப் படம் மீண்டும் உருவாக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

பழைய படங்களில் நீளம் சங்கிலியிலும் லிங்கிலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர், அதில் 100 லிங்குகள். ஆயிரம் சதுர லிங்குகள் ஒரு சென்ட் ஆகும். பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்னும் அளவில், அதாவது 1:3960 அளவில், வரையப்பட்டவை. பின்னர் வந்த மெட்ரிக் படங்களில் 1:1000, 1:2000, 1:5000 போன்ற அளவுகள் காணப்படுகின்றன. வருடிய படமொன்றைத் திறக்குமுன் அது எந்த அளவுமுறைக்குரியது என்பதை அறிந்துகொள்ளாவிடில் பின்வரும் கணக்குகள் எவையும் பொருந்தா.

பிரிதிறனும் அளவும்

எண்ணிமப் படிமம் பிக்சல் எனப்படும் படவணுக்களால் ஆனது. அதில் மில்லிமீட்டர் என எதுவும் இல்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை படவணுக்கள் என்னும் பிரிதிறன் எண் கோப்பின் தலைப்பகுதியில் தனியே எழுதப்பட்டிருக்கும். படிமத்துக்கும் தாளுக்கும் இடையிலான ஒரே தொடர்பு இந்த எண்ணேயாகும்.

அடிக்கடி நேரும் சிக்கல் இந்த எண் தொலைந்துபோவது. அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக வருடப்பட்ட படம் மின்னஞ்சல், கைப்பேசிச் செயலி போன்ற வழிகளில் அனுப்பப்படும்போது தலைப்பகுதிச் செய்திகள் நீக்கப்படலாம். அதைத் திறக்கும் மென்பொருள், எண் எதுவும் இல்லாமையால், 72 அல்லது 96 என்னும் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்கின்றது. 72 எனக் கொண்டால் படம் 4.17 மடங்கு பெரிதாகிவிடும். 297 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாள் ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ளதாகக் காட்டப்படும். இங்குப் புதிய பயனர் செய்யும் தவறு, படத்தைப் "பெரிதாகிவிட்டது" எனக் கருதிச் சிறிதாக்குவது. அவ்வாறு செய்தால் படவணுக்களே குறைந்துவிடும். மெல்லிய கோடுகள் உடையும். இழந்தவற்றை மீட்க இயலாது. கிம்ப் மென்பொருளில் "ஸ்கேல் இமேஜ்" என்பதைத் தொடாமல் "பிரிண்ட் சைஸ்" என்பதில் எண்ணை மட்டும் 300 என மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் "இமேஜ் சைஸ்" சாளரத்தில் "ரீசாம்பிள்" என்னும் குறியை முதலில் எடுத்துவிட வேண்டும்.

அரிதாக நேரும் மற்றொரு சிக்கல், கிடைக்கும் செங்குத்துக்கும் வெவ்வேறு பிரிதிறன் இருப்பது. தொலைநகல் வழியே வந்த படங்கள் கிடையாக அங்குலத்துக்கு 204, செங்குத்தாக 98 என்னும் அளவில் இருக்கலாம். சில மென்பொருள்கள் இதனைக் கவனியாமல் எல்லாப் படவணுக்களையும் சதுரமாகக் கொள்வதால் படம் பாதி உயரத்துக்கு நசுங்கித் தோன்றும்.

எவ்வளவு பிரிதிறன் தேவை என்னும் வினாவுக்கு விடை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்குலத்துக்கு 300 என வருடிய 1:1000 அளவுப் படத்தில் ஒரு படவணு நிலத்தில் 8.5 சென்ட்டிமீட்டருக்குச் சமம். 1:3960 அளவுக் கிராம வரைபடத்தில் அதே படவணு 33.5 சென்ட்டிமீட்டர். ஆனால் மையால் இட்ட கோட்டின் தடிப்பே 0.3 மில்லிமீட்டர் இருக்குமாயின் 1:1000 படத்தில் அக்கோடு நிலத்தில் 30 சென்ட்டிமீட்டர் அகலத்தை மறைக்கின்றது. வேலி எந்த இடத்தில் என்னும் வழக்கில் படவணுவைப் பெரிதாக்கிப் பார்த்து வாதிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நினைவகமும் கோப்பின் பருமனும்

பெரிய படங்களைத் திறக்கும்போது கணினி உறைந்துபோவது பரவலான முறைப்பாடு. 841 × 1189 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ0 தாளை அங்குலத்துக்கு 600 என வருடினால் சுமார் 55.8 கோடி படவணுக்கள் கிடைக்கும். கருப்பு வெள்ளையில் இது 70 மெகாபைட்டு மட்டுமே. சாம்பல்நிலையில் 558 மெகாபைட்டு. முழு வண்ணத்தில் 1,674 மெகாபைட்டு. கோப்பு வன்தட்டில் சுருக்கப்பட்டுச் சில மெகாபைட்டுகளாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. திறந்தவுடன் அது நினைவகத்தில் முழு அளவுக்கு விரியும். ஓர் அடுக்கைப் படியெடுத்தால் இருமடங்காகும். பின்வாங்கும் வசதிக்காக மென்பொருள் சேமித்து வைக்கும் முந்தைய நிலைகள் இதற்கு மேற்பட்டவை. அங்குலத்துக்கு 300 என்றாலோ முழு வண்ணத்திலும் சுமார் 418 மெகாபைட்டே ஆகும்.

மென்பொருளின் விருப்பத் தேர்வுகளில் நினைவகப் பங்கைக் கூட்டுவதும், தற்காலிகக் கோப்புகளுக்கு இடமுள்ள வன்தட்டைக் காட்டுவதும் உடனடித் தீர்வுகள். பழுதுநீக்கத்தைவிட நல்லது, வண்ணம் தேவையா என்பதை முதலிலேயே முடிவுசெய்வது.

கோப்பு வடிவங்களுக்கும் எல்லைகள் உண்டு. ஜேபெக் படத்தின் ஒரு பக்கம் 65,535 படவணுக்களைத் தாண்ட இயலாது. ஃபோட்டோஷாப்பின் வழமையான பி.எஸ்.டி. வடிவத்துக்கு 30,000 படவணுக்களே எல்லை. கால்வாயின் நெடுக்குவெட்டுப் படம் போன்ற நீண்ட சுருள்களில் இவ்வெல்லை எளிதில் மீறப்படும். மூன்று மீட்டர் நீளச் சுருளொன்று அங்குலத்துக்கு 300 என வருடப்பட்டாலே 35,400 படவணுக்களுக்கு மேல் வரும். இத்தகையவற்றுக்கு டிஃப் வடிவம் ஏற்றது.

கருவிகள் செயற்படாமை

வருடிய படத்தைத் திறந்தவுடன் வடிகட்டிகள் பலவும் மங்கிய எழுத்தில் தோன்றித் தெரிவுசெய்ய இயலாதிருப்பின், படம் இருநிலை முறைமையில், அதாவது ஒவ்வொரு படவணுவும் கருப்பு அல்லது வெள்ளை என்னும் நிலையில், உள்ளது எனக் கொள்ளலாம். கிம்ப் இத்தகைய படங்களை இரு நிறம் மட்டும் கொண்ட நிறப்பட்டியல் முறைமையில் திறக்கின்றது. அதில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதினாலும் அது கருப்பாகவே விழும். "இமேஜ்" பட்டியிலுள்ள "மோட்" என்பதில் சாம்பல்நிலை அல்லது வண்ண முறைமைக்கு மாற்றினால் கருவிகள் உயிர்பெறும்.

படம் முழுவதும் கருப்பும் வெள்ளையும் இடம்மாறி எதிர்ப்படமாகத் தோன்றுவதும் உண்டு. டிஃப் வடிவத்தில் சுழியம் என்பது வெள்ளையா கருப்பா என்பதை ஒரு குறியீடு தெரிவிக்கின்றது. அதனைப் படிக்காத மென்பொருள் தலைகீழாகக் காட்டும். நிறங்களைத் தலைகீழாக்கும் கட்டளை ஒன்றே இதற்குப் போதும்.

தூரிகை எதையும் வரையவில்லை என்றால், எங்கோ ஒரு மூலையில் சிறு தெரிவு எஞ்சியுள்ளதா, வேறோர் அடுக்கு தெரிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். சுருக்கிக் காட்டும்போது மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுத் தெரிவது திரையின் குறைபாடு மட்டுமே. முழு அளவில் பார்க்காமல் அக்கோடுகளைத் திருத்தத் தொடங்குவது வீண்.

கறை, மங்கல், நிறம்

கடலோர ஈரக்காற்றும் கரையானும் வெள்ளமும் தாளுக்குப் பகை. மஞ்சளேறிய தாள், நீர்க்கறை, மடிப்பின் நிழல் ஆகியவை உள்ள படத்தை ஒரே எல்லை மதிப்பைக் கொண்டு கருப்பு வெள்ளையாக்கினால், கறையுள்ள இடம் கரும்பரப்பாகும், வெளிறிய இடத்தில் கோடுகள் மறையும். மதிப்பைக் கூட்டினால் ஒன்று கெடும், குறைத்தால் மற்றொன்று. எல்லை மதிப்பைத் தானே கண்டறியும் ஓட்சு முறை 1979 இல் வெளியானது. எனினும் அதுவும் படம் முழுமைக்கும் ஒரே மதிப்பையே தருவதால் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை.

எளிய வழி பின்வருமாறு. படத்தின் அடுக்கைப் படியெடுத்து, மேலடுக்கைக் கோடுகள் முற்றும் கரையும் அளவுக்கு மங்கலாக்க வேண்டும். அப்போது அதில் தாளின் நிறமும் கறையும் மட்டுமே எஞ்சும். பின்னர் மேலடுக்கின் கலப்பு முறையை "டிவைட்" என மாற்றினால், கீழடுக்கு மேலடுக்கால் வகுக்கப்பட்டுப் பின்புலம் ஏறத்தாழ வெள்ளையாகும். கோடுகள் தங்கும். அதன்பின் எல்லை மதிப்பை இடலாம். பரந்த கறைகளுக்கு இம்முறை வியக்கத்தக்கவாறு பயன்படுகின்றது. கறையின் கூர்மையான விளிம்பு மட்டும் கோடுபோல் எஞ்சக்கூடும். அதனைக் கையால் நீக்குவதே நன்று.

வண்ணத்தில் வருடிய படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகளாகப் பிரிப்பது மற்றொரு வழி. பழுப்புக் கறை நீலக் கூறில் கருமையாகவும் சிவப்புக் கூறில் வெளிறியும் தெரியும். எனவே சிவப்புக் கூறை மட்டும் வைத்துக்கொண்டால் கறை பெரும்பாலும் மறைந்துவிடும். ஜான் ஹெர்ஷல் 1842 இல் கண்டறிந்த முறையில் உருவான புளூபிரிண்ட்டுக்கும் சிவப்புக் கூறே சிறந்தது. நீலப் பின்புலம் அதில் கருமையாகவும் வெண்கோடு பளிச்சென்றும் தோன்றும். பின்னர் தலைகீழாக்கினால் வெள்ளைத் தாளில் கருங்கோடு கிடைக்கும்.

ஆனால் புலப்படங்களில் இவ்வழி ஒரு பொறியாகும். நில அளவையில் புதிய உட்பிரிவைச் சிவப்பு மையில் காட்டும் வழக்கம் உண்டு. சிவப்புக் கோடு சிவப்புக் கூறில் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும். கறையை நீக்கப் புறப்பட்டவர், அண்ணன் தம்பிக்குள் பிரிக்கப்பட்ட நிலத்தின் நடுக்கோட்டையே நீக்கிவிட்டு, தூய்மையான, அழகான, பழைய நிலையைக் காட்டும் படமொன்றைப் பெறுவார். எதுவும் குறைந்ததாகத் தோன்றாது என்பதே இதன் கேடு. எனவே வண்ண மைகள் உள்ள படத்தில் கூறுகளைப் பிரித்தபின் மூன்றையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத கோடுகள் எவை எனக் காணுதல் கட்டாயம்.

புள்ளிகளை நீக்கும் வடிகட்டி

தூசுப் புள்ளிகளை நீக்க "டெஸ்பெக்கிள்" போன்ற வடிகட்டிகள் உள்ளன. இவை சுற்றுப்புறத்தோடு ஒவ்வாத சிறு பொட்டுகளை அழிக்கின்றன. எது தூசு, எது எழுத்து என அவை அறியா. 0.3 மில்லிமீட்டர்ப் புள்ளி அங்குலத்துக்கு 300 என்னும் பிரிதிறனில் மூன்று அல்லது நான்கு படவணுக்களே. தூசும் ஏறத்தாழ அதே அளவினது.

இதனால் முதலில் பலியாவது பதின்மப் புள்ளி. 12.4 என்பது 124 ஆகவும், 8.05 என்பது 805 ஆகவும் மாறும். இவ்வளவு பெரிய பிழை கண்ணிற் படும் என எண்ணலாம். ஆனால் மீட்டர், லிங்க் என இரு அளவுமுறைகளும் புழங்கும் இடத்தில் 124 என்பது இயல்பான லிங்க் அளவாகவே தோன்றும். தமிழ் எழுத்துகளுக்கும் இதே நிலை. மெய்யெழுத்தின் மேற்புள்ளி அழிந்தால் "கல்" என்பது "கல" ஆகிவிடும். ஆங்கிலப் படங்களுக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இதுபற்றிய எச்சரிக்கை இராது என்பதால் தமிழ்க் குறிப்புகள் கொண்ட படங்களைக் கையாள்வோர் தாமே கவனமாயிருத்தல் வேண்டும். எண்களும் எழுத்துகளும் உள்ள பகுதிகளைத் தெரிவிலிருந்து விலக்கிவிட்டு வடிகட்டியை இயக்குவதே பாதுகாப்பானது.

சாய்வும் சுருக்கமும்

வருடியில் தாள் சற்றே சாய்ந்திருப்பது இயல்பு. புலப்படத்தில் இதனாற் பெரிய தீங்கில்லை. படம் சுழல்கின்றதே தவிரத் தொலைவுகள் மாறுவதில்லை. நெடுக்குவெட்டுப் படத்திலோ நிலைமை வேறு. அதில் கிடைக்கு ஓர் அளவும் செங்குத்துக்கு வேறோர் அளவும் இருக்கும். எடுத்துக்காட்டாக, கிடை அளவு 1:10,000, செங்குத்து அளவு 1:100 எனக் கொள்வோம். ஒரு கிலோமீட்டர் தாளில் 100 மில்லிமீட்டர். படம் அரைப் பாகை சாய்ந்தால் அந்த நீளத்தில் கோடு 0.87 மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். செங்குத்து அளவில் இது 8.7 சென்ட்டிமீட்டர். 5,000க்கு 1 என்னும் சரிவுள்ள கால்வாய் ஒரு கிலோமீட்டரில் இறங்குவதே 20 சென்ட்டிமீட்டர்தான். கண்ணுக்குப் புலப்படாத அரைப் பாகைச் சாய்வு, கால்வாயின் சரிவில் பாதியளவை விழுங்கிவிடும் அல்லது கூட்டிக் காட்டும். இத்தகைய படங்களில் மட்டங்களைக் கோட்டிலிருந்து அளக்காமல், கீழே கட்டங்களில் எழுதப்பட்டுள்ள எண்களையே கொள்ளவேண்டும்.

சாய்வைத் திருத்தும்போது வரிசை முக்கியமானது. சாம்பல்நிலையில் இருக்கும்போதே, ஒரே முறையில், சரியான கோணத்துக்குச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் மென்பொருள் இடைச்செருகல் முறையால் படவணுக்களைப் புதிதாகக் கணக்கிடுகின்றது. நான்கு முறை சிறிது சிறிதாகச் சுழற்றிய படம் ஒரே முறை சுழற்றிய படத்தைவிட மங்கியிருக்கும். கருப்பு வெள்ளையாக்கிய பின் சுழற்றினாலோ கோடுகள் படிக்கட்டுகளாகும்.

தாள் சுருங்குவது இதனினும் நுட்பமான சிக்கல். காகிதம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. தாளை உருட்டி இழுக்கும் வருடிகளும் இழுக்கும் திசையில் சற்று நீட்டவோ குறுக்கவோ கூடும். இதனைக் கண்டறிய, படத்தில் எழுதப்பட்ட அளவுகளையே சாட்சியாகக் கொள்ளலாம். 1:1000 படமொன்றில் இரு கற்களுக்கு இடையே 82.4 மீட்டர் என எழுதியிருப்பின், அங்குலத்துக்கு 300 என்னும் பிரிதிறனில் அது 973 படவணுக்களாக இருத்தல் வேண்டும். மென்பொருளின் அளவுக்கருவி 963 எனக் காட்டினால் அத்திசையில் நூற்றுக்கு ஒன்று குறைவு. குறுக்குத் திசையிலும் இவ்வாறே மற்றோர் அளவைச் சரிபார்த்து, இரு திசைகளுக்கும் தனித்தனி விகிதத்தில் திருத்த வேண்டும்.

நூற்றுக்கு ஒன்று என்பது அற்பமாகத் தோன்றலாம். இரு திசைகளிலும் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் பரப்பில் நூற்றுக்கு இரண்டு குறையும். ஓர் ஏக்கரில் அது இரண்டு சென்ட், அதாவது ஏறத்தாழ 870 சதுர அடி. தஞ்சைப் பகுதியின் பழைய கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர் அளவு என்பதால் ஒரு வேலி நிலத்தில் இப்பிழை பதின்மூன்று சென்ட்டைத் தாண்டும்.

துண்டுகளை இணைத்தல்

பெரிய வருடி கிடைக்காதபோது படத்தை ஏ4 துண்டுகளாக வருடி இணைப்பது வழக்கம். ஒளிப்படங்களை இணைக்கும் தானியங்கி வசதிகள் ஒத்த வடிவங்களைத் தேடிப் பொருத்துகின்றன. ஒரே மாதிரியான கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் கால்வாய்ப் படங்களில் அவை ஒரு கட்டம் தள்ளிப் பொருத்திவிடுவது உண்டு. இணைப்பு அழகாகவே இருக்கும். நடுவில் ஒரு பகுதி காணாமற் போயிருக்கும். ஆகவே அடுத்தடுத்த துண்டுகளில் போதிய பகுதி மேற்பொருந்துமாறு வருடி, தொலைவுக் குறியீடுகள் தொடர்ச்சியாக உள்ளனவா எனப் படித்துப் பார்த்தல் வேண்டும். வரைபடத்தை நிலத்தோடு பொருத்துவதே நோக்கமாயின், இப்பணிக்குப் படிமத் திருத்த மென்பொருளைவிடக் கியூஜிஸ் போன்ற புவியியல் தகவல் மென்பொருளே ஏற்றது. அதில் தெரிந்த புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால் எஞ்சும் பிழை எவ்வளவு என்பதையும் அது எண்ணாகக் காட்டும்.

எண்கள் மாறிய நிகழ்வு

திருத்துபவர் ஒன்றும் செய்யாமலே படம் மாறிவிடுவதும் உண்டு. 2013 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகை எந்திரங்களில் வருடிய கட்டட வரைபடமொன்றில் அறைகளின் பரப்பளவு மாறியிருப்பதைக் கண்டறிந்தார். மூலப் படத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் எனக் குறிக்கப்பட்டிருந்த மூன்று அறைகளும் வருடிய படத்தில் 14.13 எனவே காணப்பட்டன. எழுத்துகளை அடையாளம் காணும் வசதி எதுவும் இயக்கப்படவில்லை. ஜேபிக் 2 என்னும் சுருக்க முறை, ஒன்றையொன்று ஒத்திருக்கும் சிறு துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து, ஏனைய இடங்களில் அதனையே மீண்டும் பதித்தமையே காரணம். அந்நிறுவனம் அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் திருத்தநிரல் வெளியிட்டது.

இந்நிகழ்வின் சிறப்பு, மாறிய எண்கள் மங்கலாக இல்லை என்பதே. ஜேபெக் சுருக்கம் கோடுகளைச் சுற்றி அழுக்குப் போன்ற சிதறலை உண்டாக்கும், பார்ப்பவர் ஐயுறுவார். இங்கோ பிழையான எண் சரியான எண்ணைப் போலவே கூர்மையாக இருந்தது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் இன்றைய வசதிகளுக்கும் இவ்வையம் பொருந்தும். அவை இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகின்றன. முகத்துக்கு அது பொருந்தலாம். 3 அல்லது 8 எனத் தெரியாத எண்ணை அழகிய 8 ஆக்குவது உதவியன்று. படிக்க இயலாத எண்ணைப் படிக்க இயலாததாகவே விட்டு, அருகில் குறிப்பு எழுதுவதே முறை. மூலக் கோப்பை இழப்பற்ற சுருக்கமுடைய டிஃப் அல்லது பிங் வடிவில், திருத்தம் எதுவுமின்றித் தனியே வைத்திருப்பதும் இதனாலேயே தேவையாகின்றது.

கோடுகளாக மாற்றுதல்

திருத்திய படத்தைத் திசையன் வரைகலையாக மாற்ற இன்க்ஸ்கேப் மென்பொருளிலுள்ள "டிரேஸ் பிட்மேப்" பயன்படுத்தப்படுகின்றது. இதில் ஒவ்வொரு கோடும் இரண்டு கோடுகளாக வருகின்றது என்பது மாணவர்களின் வழமையான முறைப்பாடு. இது பழுதன்று. இதன் அடிப்படையான போட்ரேஸ் நிரல் கரும்பரப்பின் விளிம்பைத் தொடர்ந்து செல்வது. தடித்த கோட்டுக்கு இரு விளிம்புகள் உண்டு. நடுக்கோடு வேண்டுமாயின் அதற்கென அமைந்த முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். சிறிய புலப்படமாயின், அளவுகளை உள்ளிட்டுப் புதிதாக வரைவது திருத்துவதைவிட விரைவில் முடியும்.

அச்சிடல்

எல்லாம் சரியாக அமைந்த படம் கடைசியில் அச்சுப்பொறிச் சாளரத்தில் கெடுவதுண்டு. "பக்கத்துக்குப் பொருத்து" என்னும் தெரிவு இயல்பாகவே இயங்குமாறு பல நிரல்களில் அமைந்துள்ளது. விளிம்புக்கு இடம் விடுவதற்காக அது படத்தைச் சில நூற்றுவீதம் சுருக்கிவிடும். படத்தின் மேல் 1:1000 என அச்சாகியிருக்கும். படம் அவ்வளவில் இராது. எனவே முழு அளவில் அச்சிடுமாறு தெரிவுசெய்வதோடு, அளவுகோல் பட்டையொன்றைப் படத்திலேயே வரைந்து சேர்த்தல் வேண்டும். படம் சுருங்கினால் பட்டையும் உடன் சுருங்கும். அச்சான தாளை நகலெடுக்கும் கடையில் மீண்டும் சிறிதாக்கினாலும் பட்டையிலுள்ள மீட்டர் மீட்டராகவே நிற்கும்.